மூன்று கல்

கீரிப்பாறை செக்போஸ்ட்டில்
தீப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
லைட்டர், கேஸ் அடுப்பு,
ஒருத்தர் சாமி கும்பிடக் கொண்டுவந்த சூடம்கூட.
ரசீது கிடையாது. திரும்பும்போது ஞாபகமாகக் கேட்கணும்.
என் பையில் எதுவும் இல்லையா என்று
அஜிதா இரண்டு தரம் கேட்டாள்.
காணிக்குடியிருப்புக்காரி, தீக்காவலர், இருபத்தாறு வயது,
பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது.
இல்லை என்றேன்.
இந்தத் தடவை உண்மை.

ரப்பர் முடிந்தது. கிராம்பு காயப்போட்ட வாசனை முடிந்தது.
அப்புறம் கரி.
பத்து மாசம், ரெண்டு மழைக்காலம் கழிந்தும்
கைவைத்த மரமெல்லாம் கையில் ஒட்டுகிறது.
வேங்கை தோல் வெடித்து நிற்கிறது,
உச்சியில் ஒன்றுமில்லை,
முழங்கால் உயரத்தில் தண்டைப் பிளந்துகொண்டு துளிர்.
ஈத்தல் மட்டும் எதுவும் நடக்காததுபோல்
அடியில் கரிக்கட்டை, தலையில் பச்சை.

எங்களுக்குக் கொடுத்த வேலை எண்ணுவது.
பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி
உள்ளே இருப்பதை எழுதணும்:
புல், செடி, மரக்கன்று, எச்சம், இதர.
மார்த்தாண்டத்துக் காலேஜ் பையன் சுஜின்
பெயர் தெரியாததற்கெல்லாம் இதரவில் கோடு போட்டான்.
காட்டுமாட்டுச் சாணியில் முளைத்திருந்த கன்று
எந்தக் கட்டத்தில் வரும் என்று
கால்மணி நேரம் சண்டை.

கொட்டாங்கல் மொட்டை ஏறும்போது
எனக்கு வழி தெரியும் என்பதை மறைக்க வேண்டியிருந்தது.
வளைவுக்கு முன்பே கால் வளைந்தது.
ஓடைப் பக்கம் கழுத்து தானாகத் திரும்பியது.
வெள்ளம் எங்க கிடைக்கும் என்று
சும்மா கேட்டுவைத்தேன்.

போன மாசியில் நானும் பெர்ஜினும்
யாரிடமும் கேட்காமல் இங்கே ஒரு ராத்திரி.
மரச்சீனி சுட்டோம்.
மத்தி மீன் டப்பாவைத் திறந்து கனலில் வைத்தோம்.
விடியும்போது மண்ணள்ளிப் போட்டு மிதித்தோம்.
மிதித்தோம் என்றுதான் நினைவு.
நாலாம் நாள் நாகர்கோவில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன்,
மலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு.
பேப்பரில் ‘காரணம் தெரியவில்லை’.
பெர்ஜின் மஸ்கட் போனான்.
போனில் சம்பளம் பேசுவோம், வெயில் பேசுவோம்,
அவன் தங்கச்சி கல்யாணம் பேசுவோம்.
மண்ணுக்கடியில் கங்கு நாலு நாள் உயிரோடிருக்குமா என்று
ஒருநாள் கூகிளில் தட்டிப் பார்த்தேன்.
இருக்கும் என்றது.

சாயங்காலம் அஜிதாதான் அதைக் கண்டாள்.
இடுப்பளவு வளர்ந்த போதைப்புல்லை விலக்கினாள்.
மூன்று கல்.
உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கமும் கறுப்பு.
எது எங்கள் தீ, எது காட்டின் தீ என்று
கல் பிரித்துச் சொல்லவில்லை.
நடுவில் துருப்பிடித்த டப்பா,
மழைத்தண்ணீரில் நெளியும் கொசுப்புழு.

“எவனோ சோறு வெச்சிருக்கான், கேட்டியளா.”
குரலில் கோபம் இல்லை.
தண்ணீரைக் கவிழ்த்து
டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
ஆறு நாள் தழை வெட்டி அடித்தார்களாம்.
புருவம் கருகிப் புதுசாக முளைத்ததைத் தொட்டுக் காட்டினாள்.
“ஆமை ஓடி நான் பாத்தது அப்பந்தான்” என்றாள்.

“கல்லு எந்தக் கட்டத்துலண்ணே?” என்றான் சுஜின்.
நோட்டு என் கையில் இருந்தது.
இதர, மூன்று என்று எழுதினேன்.

ராத்திரி தீயில்லை.
புட்டும் பழமும், ஆறியது.
கூடாரத்து வாயைத் திறந்தால் கிழக்கே கீழே
ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
நூறோ இருநூறோ
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.
பக்கத்துக் கூடாரத்தில் அஜிதா இருமினாள்.
மாசியிலிருந்தே இருக்குது என்று
ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை
மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தேன்.
எப்படி வைத்தாலும்
நடுவில் அந்த டப்பா.

வெளியே மிளா ஒன்று
உடைந்த ஹாரன்போல ஒரே தரம் கூப்பிட்டது.
காற்று திரும்பிப் புதுப்புல் வாசனை வந்தது.
இருட்டில் பூட்ஸைத் தேடினேன்.